உன் அம்மா சொல்லாமல் விட்ட பெயர்

மகனே,

இதைத் தமிழில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்று தெரியும். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு நிமிடத்தில் வாசித்து முடித்துவிடுவாய். அது எனக்கு வசதி. வசதியான வழியிலேயே போய்த்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். அதனால் ஷைனியை வாசிக்கச் சொல். குழந்தை தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேள். பிரசவித்து ஒன்பது நாள் ஆன ஒரு பெண்ணின் வாயிலிருந்து இது உன் காதில் விழ வேண்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முந்தாநாள் நம் மூன்று பேருடைய குரூப்பில் நீ போட்டிருந்தாய். பாப்பாவுக்கு அம்மா பக்கத்துப் பெயர் வைக்கப் போகிறோம், இணையத்தில் தேடி ஆறு ஃபின்லாந்துப் பெயர்கள் எடுத்திருக்கிறோம், அம்மா ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லட்டும் என்று. அம்மா பார்த்தாள். நீல டிக் விழுந்தது. பதில் போடவில்லை. மறுநாள் காலையில் தோஹாவை விட்டு ராஸ் லஃபானுக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து எனக்குத் தனியாகப் போன் செய்தாய். "அப்பா, அம்மாக்கு இன்ட்ரஸ்டே இல்லப்பா. எனக்கும் இப்படித்தான் செஞ்சாங்க. இப்ப என் பிள்ளைக்கும். விடுங்க, நீங்களே ஒண்ணு சொல்லுங்க" என்றாய். "பாக்குறேன் மக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எனக்கும் இப்படித்தான் செஞ்சாங்க. அந்த வாக்கியம் உன்னுடையது இல்லை. உனக்குள் நான் வைத்தது. பன்னிரண்டு வருடமாக அது அங்கே இருக்கிறது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மாவை நான் முதலில் பார்த்தது துபாயில், அல் கூஸில், எங்கள் லிஃப்ட் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில். இதை நீ பல தடவை கேட்டிருக்கிறாய், சிரிப்புக் கதையாக. வெளிநாட்டு இன்ஜினியர் வருகிறார் என்று சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் வாசலில் ஒரு ஆணை எதிர்பார்த்து நின்றோம். அவள் பின்வாசல் வழியாக வந்து லிஃப்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது உண்மை. நான் சொல்லாமல் விட்டது அதற்குப் பிறகு நடந்தது. கல்யாணத்துக்கு என் அப்பா வரவில்லை. உன் தாத்தா. கடற்கரைக் கத்தோலிக்கக் கோயிலில் மூன்று தலைமுறையாகக் கொடி பிடித்த குடும்பம். மூத்தவன் ஒரு லூத்தரன்காரியைக் கட்டினான். இரண்டு வருடம் அவர் என்னோடு பேசவில்லை. நான் வீட்டுக்குப் போன் செய்தால் என் அம்மா எடுப்பாள். பின்னால் அவருடைய இருமல் கேட்கும். அவ்வளவுதான் எனக்கும் அவருக்கும் இடையில். அந்த இருமலைக் கேட்பதற்காகவே போன் செய்திருக்கிறேன்.

பிறகு நீ.

உன் அம்மாவின் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை பிறந்ததும் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து ஞானஸ்நானம் நடக்கும், அல்லது வீட்டிலேயே காப்பி வைத்து நாலு பேரைக் கூப்பிடுவார்கள். அன்றைக்குத்தான் பெயர் முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லப்படும். அதுவரை பெற்றவர்களைப் பெற்றவர்களுக்கும் தெரியாது. கேட்பது நாகரிகம் இல்லை. இடைப்பட்ட நாட்களுக்கு ஒரு தற்காலிகப் பெயர் இருக்கும், வயிற்றுக்குள் இருந்தபோதே வைத்தது. உனக்கு அவள் வைத்திருந்தது பபு. அவள் மொழியில் அவரை விதை. முதல் ஸ்கேனில் நீ அப்படித்தான் இருந்தாய். பெயர் வைத்த நாளோடு அது போய்விட வேண்டும்.

அவளுக்கு மூன்று நான்கு பெயர்கள் மனதில் இருந்தன. எனக்குச் சொல்லவில்லை. "முகத்தைப் பார்க்கணும். அது சொல்லும்" என்பாள். பிறந்த பிறகு தினமும் உன்னை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். கராமா பிளாட்டில் ஹால் ஜன்னல் ஒன்றில்தான் வெயில் வரும். நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது அங்கே நிற்பாள். "கிடைத்ததா?" என்றால் தலையை ஆட்டுவாள். இல்லை என்று. அவளுக்கு அவசரமே இல்லை. நான் அதை அப்போது ஒரு விளையாட்டாக நினைத்தேன். ஒருவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவரைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் பெயர் குழந்தைக்கு முன்பே வந்து காத்திருக்கும். மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவரின் பெயர். யோசிக்க ஒன்றும் இல்லை.

நீ பிறந்து பதினாறாவது நாள் போன் வந்தது. எடுத்தால் இருமல். நேராக, என் காதில். பிறகு குரல்.

"பிள்ள சுகமா இருக்கானாடே?"

"இருக்கான்ப்பா."

"மூத்தவனுக்கு என் பேரு. கேட்டியா? மரிய சூசை. கோயில்ல பாதர்ட்ட சொல்லியாச்சு. அவ பாட்டுக்கு அவ ஊரு பேரு ஒண்ணக் கொண்டுவந்து வச்சா, நான் இந்தக் கடப்பொறத்துல பிள்ளைய எப்பிடிக் கூப்புடுவேன்? வாயில நிக்கணுமில்லா?"

"சரிப்பா."

"அவள்ட்ட கேக்கணுமா?"

"இல்லப்பா."

இல்லப்பா. இரண்டு வருடம் கழித்து என் தகப்பன் என்னிடம் கேட்ட முதல் கேள்விக்கு நான் சொன்ன பதில் அது. இன்றைக்கும் அந்த வார்த்தையை யாராவது சொன்னால் எனக்குக் காது சுடும். உன் அம்மா அப்போது இரண்டடி தள்ளி உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்குத் தமிழ் தெரியாது. "யார்?" என்று கேட்டாள். "அப்பா" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. எனக்காக. ஒரு கையால் உன்னைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் கழுத்தை வளைத்தாள்.

மறுநாள் சேவியரோடு டைப்பிங் சென்டருக்குப் போனேன். சேவியர் மாமாவை உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் ஒரே ரூமில் கிடந்தோம். பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் அரபியில் அடித்துக் கொடுக்க வேண்டும். கெடு இருந்தது. ஆனால் இன்னும் நாட்கள் இருந்தன, அதைச் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு உன் அம்மாவிடம் நாள் இல்லை என்று சொன்னேன். இருந்தன. கௌண்டரில் இருந்த மலையாளிப் பையன் ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்து எல்லாவற்றையும் அடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"சேட்டா, பேரு பறயு."

நான் சேவியரைப் பார்த்தேன்.

"பேரு தீருமானிச்சில்லே? பின்னே வந்நா மதி. பிரஷ்னமில்ல."

பிறகு வந்தால் போதும் என்கிறான். முன்பின் தெரியாத ஒருவன் எனக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். நான் சொன்னேன். மரிய சூசை. அவன் அடித்தான். சேவியர் என் முதுகில் தட்டினான். "அப்பன் பேரு வச்சிட்டியாடே. நல்ல காரியம். இனி கிழவன் பேசுவாரு."

அதற்கப்புறம் பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளைப் பற்றித்தான் எனக்கு அதிக வெட்கம். ஒரு நிமிடத்துக் கோழைத்தனம் யாருக்கும் வரும். பதினொரு காலை, பதினொரு மாலை என்றால் அதற்கு வேறு பெயர். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ நான் வேலை முடிந்து வந்தபோது அவள் கதவிலேயே நின்றாள். "கிடைத்துவிட்டது" என்றாள். "இன்றைக்குக் காலையில், கொட்டாவி விட்டான், அப்போது தெரிந்துவிட்டது. சொல்லட்டுமா?" நான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. "எனக்கும் அன்றைக்கே சொல். எல்லோரோடும் சேர்ந்து கேட்கிறேன்" என்றேன். அவள் வழக்கத்தை நான் மதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. நான் ஷூக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை நாலு பேரைக் கூப்பிட்டாள். அவள் ஆபீசில் இருந்து ஒரு கணவன் மனைவி. சேவியர், அவன் மனைவி. ஏலக்காய் போட்டு ஒரு ரொட்டி செய்வார்கள் அவர்கள் ஊரில், பின்னல் போலப் பின்னி. இரண்டு நாளாக அதைச் செய்தாள். அவளுடைய அம்மா தபாலில் அனுப்பிய நீளமான வெள்ளை அங்கியை உனக்குப் போட்டாள்; அது உன் காலைத் தாண்டி இன்னொரு குழந்தை அளவுக்குத் தொங்கியது. போனில் அவள் அம்மாவைக் கூப்பிட்டு, ரிசீவரை மேசைமேல் மல்லாக்க வைத்தாள். அங்கே அந்த அம்மாளும் காத்திருக்கிறாள், பெயரைக் கேட்க. சேவியர் மட்டும் வரவில்லை. அவனுக்காக நின்றோம்.

கதவைத் தட்டினான். மனைவி பின்னால். கையில் கேக் பெட்டி. "வண்டி வைக்க எடமே இல்ல மேடம், சாரி சாரி" என்று சொல்லிக்கொண்டே ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தான். நீல கிரீமில், ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் உன் பெயர். வெல்கம் மரிய சூசை.

உன் அம்மா அதை வாசித்தாள். உதடு அசைந்தது, எழுத்துக் கூட்டுவது போல. "யார் இது?" என்று என்னைக் கேட்டாள்.

சேவியர் சிரித்துக்கொண்டே, பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னான். "நம்ம பயதான் மேடம். சர்டிபிகேட்டில அடிச்சப்ப நானும் கூட இருந்தேன்லா."

அவன்மேல் தப்பில்லை. எனக்கு அவளிடமிருந்து மறைக்க ஏதாவது இருக்கும் என்று அவன் எப்படி நினைப்பான். அவள் என்னைப் பார்த்தாள். நான் கேக்கைப் பார்த்தேன். ரிசீவரில் இருந்து மெல்லிய குரலில் ஏதோ கேள்வி வந்தது. அவள் அதை எடுத்து, தன் மொழியில் மூன்று நான்கு வார்த்தை சொல்லி வைத்துவிட்டாள். பிறகு கத்தி எடுத்து கேக்கை வெட்டினாள். எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கும். பிளேட்டை என் கையில் கொடுக்கும்போது அவள் விரல் என் விரலில் படாமல் பார்த்துக்கொண்டாள். அந்த அளவுக்குக் கவனமாக யாரும் எனக்கு எதையும் கொடுத்ததில்லை.

அவர்கள் போனதும் பேசினேன். நிறைய. அப்பா, இரண்டு வருடம், நாள் இல்லை. மனு கொடுத்தால் மாற்றலாம், நாளைக்கே போகிறேன் என்றேன். அவள் உன் அங்கியை மடித்துக்கொண்டிருந்தாள். "பெயரை ஒரு முறைதான் சொல்வோம். எல்லோரும் கேட்க. அந்த நேரம் போய்விட்டது" என்றாள். அவள் நாட்டுப் பதிவுக்கும் அந்தச் சான்றிதழில் இருந்த பெயரையே அனுப்பினாள்.

அது என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை. கேட்டால் நான் அவளிடமிருந்து பறித்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். தெரியாதவரை அது வெறும் ஒரு பெயர்.

உன்னை அவள் ஒருநாளும் சூசை என்று கூப்பிட்டதில்லை, கவனித்திருக்கிறாயா? இத்தனை வயதுக்குப் பிறகும் பபு. உன் கல்யாண மேடையில், ஷைனி வீட்டார் நூறு பேர் முன்னால், பபு. செல்லம் என்று எல்லோரும் சிரித்தார்கள். நீயும் நெளிந்தாய். மகனே, அது செல்லம் இல்லை. பெயர் வைக்கும்வரை கூப்பிட வேண்டிய பெயர் அது. அவளைப் பொறுத்தவரை உனக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

சரி, அந்தப் பெயரைக் கொடுத்து நான் வாங்கியது என்ன? அதையும் சொல்கிறேன். உனக்கு ஒன்றரை வயதில் ஊருக்குப் போனோம். என் அம்மா கட்டினவர் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். அதனால் உன்னை "ஏலே" என்பாள். அப்பாவுக்குத் தன் பெயரைத் தானே சொல்லிக் கூப்பிடக் கூச்சம். "எலே துபாய்க்காரா, இங்க வா" என்பார். சித்தப்பாமார் மூத்தவர் பெயரைச் சொல்லி அதட்ட முடியாது என்று "குட்டி" என்றார்கள். அந்த வீட்டில் ஒரு ஆள் உன்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. யாரும் கூப்பிடாத ஒரு பெயருக்காக நான் அதைச் செய்தேன்.

கூப்பிட்டது உன் பள்ளிக்கூடம்தான். பாஸ்போர்ட்டில் முதலில் இருக்கும் வார்த்தையை எடுத்துக்கொண்டு, மரியா. ஆறடிப் பையன், பூனைமுடி மீசை, மரியா. ஒன்பது வயதில் என்னிடம் கேட்டாய், யார் இந்தப் பெயரை வைத்தது என்று. கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். "அம்மாவும் அப்பாவும் சேர்ந்துதான். அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்ச பேரு" என்றேன். சிக்னல் பச்சையானது. அவ்வளவு எளிதாக வந்தது.

பதினாலு வயதில் நீ பையைத் தரையில் எறிந்துவிட்டு அவளிடம் கத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். "உங்க நாட்டுல ஒரு பேரு கூடவா கிடைக்கல? மத்த ஹாஃப் இண்டியன் பசங்களப் பாருங்கம்மா. அவங்க அம்மாங்க எல்லாம் எவ்ளோ ஆசையா வச்சிருக்காங்க. நீங்க ஜஸ்ட் டோன்ட் கேர்." நான் ஹாலில் நின்றேன். கையில் கார் சாவி. அவள் ஒரே ஒரு முறை என் பக்கம் பார்த்தாள். இப்போது சொல்கிறாயா என்று. கெஞ்சல் இல்லை, கோபம் இல்லை, வெறும் கேள்வி. நான் உன்னைப் பார்த்து, "அம்மாட்ட இப்படிப் பேசாத" என்று அதட்டினேன். அவளுக்காகப் பரிந்து பேசுகிறவன் மாதிரி. நீ உள்ளே போய்க் கதவைச் சாத்தினாய். அவள் உன் பையை எடுத்து வைத்தாள். நான் செய்ததிலேயே மோசமானது டைப்பிங் சென்டரில் நடந்தது இல்லை. இது.

அவள் ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். நானும் யோசித்திருக்கிறேன். உனக்கு அப்போது அப்பா என்றால் உயிர். அதில் கை வைக்க அவள் விரும்பவில்லை என்று நினைக்கிறேன். அல்லது, நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். இரண்டுமே எனக்குத் தாங்கக்கூடியதாக இல்லை.

நேற்று கேட்டேன். நீ போன் வைத்த பிறகு ஒரு முழுப் பகல் எடுத்துக்கொண்டு. அவள் தோஹாவுக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெயர் பட்டியலுக்கு ஏன் பதில் போடவில்லை?"

"நான் இன்னும் முகம் பாக்கல்லியே" என்றாள், என் ஊர்த் தமிழில். "போட்டோவில ஒண்ணும் தெரியாது. பின்ன, அது அவங்க ரெண்டு பேரு வேலை. நான் எடுத்துக் குடுக்கப்பிடாது. எடுத்துக் குடுத்தா நானும் உங்க அப்பாவும் ஒண்ணு."

பிறகு கேட்டேன். "அன்றைக்கு என்ன பெயர் வைத்திருந்தாய்?"

அவள் ஒரு சின்னச் சட்டையை மடித்து முடித்தாள். "இருவத்தாறு வருசம்" என்றாள். "அது அவன் பேரு. அவன் கேட்டா அவன்கிட்ட சொல்லுவேன். உங்ககிட்ட இல்ல." சட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு, "அவனுக்குக் கேக்கணும்னு தெரியாதே. நீங்க எழுதுங்க. எல்லாத்தையும். அதில நல்லவனா வராதீங்க" என்றாள்.

முயன்றிருக்கிறேன். ஒன்றிரண்டு இடத்தில் நல்லவனாக வந்திருந்தால் ஷைனி அதை வாசிக்காமல் தாண்டட்டும்.

குழந்தைக்கு எந்தப் பெயர் என்று என்னிடம் கேட்டாய். எனக்கு அதைச் சொல்லும் தகுதி இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். பதிவு செய்யப் போகும்போது ஷைனி இல்லாமல் போகாதே. அவளுக்கு உடம்பு முடியவில்லை என்றால் முடியும்வரை பொறு. நாள் இருக்கிறது, நான் விசாரித்தேன். உன் மாமனார் வீட்டில் இருந்து போன் வரலாம். என்னிடமிருந்துகூட வரலாம். யார் கேட்டாலும், "அவள்ட்ட கேக்கணும்" என்று சொல். அந்த இரண்டு வார்த்தைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. எனக்கு அது அன்று தெரியவில்லை.

வியாழக்கிழமை அம்மா வருகிறாள். லீவு கிடைக்கவில்லை, அடுத்த வாரம்தான் வர முடியும் என்று குரூப்பில் போட்டிருந்தேன். பொய். லீவு இருக்கிறது. நான் இல்லாத வீட்டில் நீங்கள் இருக்க வேண்டும் என்றுதான். அவள் குழந்தையைப் பார்த்து முடிக்கட்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பேசாதே. பிறகு ஷைனியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள், என் பெயர் என்ன என்று. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கத்திய அதே வாயால் கேள்.

அவள் சொன்ன பிறகு அந்தப் பெயரை என்ன செய்வது என்பது உன் இஷ்டம். பாஸ்போர்ட்டில் சேர்க்கலாம். வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஷைனி உன்னை அப்படிக் கூப்பிடலாம். உன் மகளுக்குச் சொல்.

எனக்குச் சொல்லாதே. அடுத்த வாரம் நான் வரும்போது, நான் உள்ளே நுழைந்ததும் அந்தப் பெயரைச் சொல்வதை நிறுத்திவிடுங்கள். வயதாகிக்கொண்டு வருகிறது, ஒருநாள் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பேன். என்னை எனக்குத் தெரியும். அப்போதும் சொல்லாதே.

அப்பா